இருபத்துமூன்று நாள்

கடிதம் புதன்கிழமை வந்தது.
பாலையூற்றுத் தபால்காரன்
கையெழுத்து வாங்காமலே தந்துவிட்டுப் போனான்.
போனமுறை வந்ததற்கு வாங்கினவன்.

போனமுறை: "தங்கள் பதவி மிகையானது."
நான் அல்ல, பதவிதான் மிகை என்று
ஆளணி அதிகாரி லக்ஷிதா
தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தபடி விளக்கினாள்.
பிழை உங்களில் இல்லை, கிளாரட் அக்கா.
என்னில் என்றால்
திருத்தியிருக்கலாமே என்று யோசித்தேன்.
யோசித்ததோடு சரி.

இப்போது: "மீள இணைந்துகொள்ள விருப்பமா."
கேள்விக்குறி போட மறந்திருந்தார்கள்.
பின்னால் இரண்டு தாள், ஒழுங்குவிதிகள்.

ஆறு மாதம் முடியாமல் திரும்புகிறவர்
மிச்ச நாளின் விகிதப்படி
நட்டஈட்டைத் திருப்பிச் செலுத்தவேண்டும்.
முன்னைய சேவை கணக்கில் வராது.
தகுதிகாண் காலம் புதிதாக மூன்று மாதம்.
பழைய ஊழியர் இலக்கம் மீளத் தரப்படமாட்டாது.
(0417. இன்னும் அதைத்தான்
வங்கி மெஷினில் தட்டுகிறேன்.)

கலண்டரில் எண்ணினேன்.
இருபத்துமூன்று நாள் குறைவு.
பென்சிலால் வகுத்துப் பெருக்கினால்
வருகிற தொகை ஏற்கெனவே
எங்கள் கூரையில் தகரமாகக் கிடக்கிறது.
முந்தநாள் மழைக்கு நல்ல சத்தம் போட்டது.
கழற்றிக் கொண்டுபோய்க்
கணக்குப்பகுதியில் குடுப்பமா என்றார் அல்போன்ஸ்.
பகிடி விட்டால் அவர் சிரிக்கமாட்டார்.

ஏன் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும்.
றிஃபாஸ் கிண்ணியாவிலிருந்து போனில் சொன்னான்,
"உங்கட தராசு விசர் பிடிச்சு நிக்குது."
என் தராசு.
சீனக்குடாவில் லொறியை ஏற்றி நிறுக்கும்
அறுபது டன் இரும்புப் பாலம்.
வாடைக்காற்றோடு மழை பிடித்தால்
வடக்கு மூலையில் தண்ணீர் தேங்கி
எண்பது கிலோ கூட்டிக் காட்டும்.
எந்தப் புத்தகத்திலும் இல்லை இது.
குடையோடு இறங்கி, வாளியால் இறைத்து,
பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான்
அடுத்த லொறியை விடுவேன்,
பதினொரு மாரி.
கணினி வந்த அன்று எவரும் என்னிடம்
எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன்.
அநுராதபுரச் சந்தியில் பஸ் ஏறும்போதே
சப்பாத்து நனைந்துவிட்டது.
கேற்றில் கருணாதாச, என்னைத் தெரியாதவர்போல்,
ஆனால் வெட்கப்பட்டு,
வருகையாளர் புத்தகத்தை நீட்டினார்.
பெயர், வந்த நேரம் எழுதினேன்.
நோக்கம் என்ற கட்டத்தில் பேனை நின்றது.
பிறகு எழுதுங்கோ, போங்கோ என்றார்.

லக்ஷிதா இந்தமுறை கண்ணைப் பார்த்தே பேசினாள்.
இருபத்துமூன்று நாள் பொறுத்தால்
காசு திருப்பத் தேவையில்லை.
ஆனால் கடிதம் பதினான்கு நாள்தான் செல்லும்.
இரண்டையும் எழுதியது ஒரே ஆளா என்று கேட்டேன்.
கொழும்பில, என்றாள்.

படிவம் தந்தாள். ஏழாவது கேள்வி:
இத்துறையில் அனுபவம், ஆண்டுகளில்.
பூச்சியம் என்று எழுதக் கை போனது.
விதிப்படி அதுதானே சரி.

யன்னலுக்கு வெளியே
கண்டி வீதிவரை லொறிகள், ஹோர்ன் அடித்தபடி.
புதுப் பெடியன் ஒருவன் திரையைப் பக்கவாட்டில் தட்டுகிறான்,
பழைய டீவிக்குத் தட்டுவதுபோல.
வடக்கு மூலையில் தண்ணீர்,
தேநீர் நிறத்தில், ஒரு சாண்.

ஊழியரைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்,
வெளியாளைப் பற்றி ஏதாவது உண்டா என்றேன்.
பில் எழுதித் தருகிற ஆள்.
மழை நாளுக்கு மட்டும்.
லக்ஷிதா இரண்டு தாளையும் புரட்டினாள்,
முன்பக்கம், பின்பக்கம், திரும்ப முன்பக்கம்.
கொழும்புக்கு எடுத்தாள். எவரும் தூக்கவில்லை.
ஒரு நாளுக்கு எவ்வளவு என்றாள், மெதுவாக.
சொன்னேன்.
பழைய சம்பளத்தை முப்பதால் வகுத்து
இரண்டால் பெருக்கி,
பஸ் காசும் போட்டு.

படிவத்தை மடித்து மேசையிலேயே விட்டேன்.
தை பிறக்கும்வரை மழைதான்
என்று வானிலை சொல்லுகிறது,
என் முழங்காலும் சொல்லுகிறது.

கேற்றுக்குத் திரும்பி நடந்து
கருணாதாசவிடம் புத்தகத்தை வாங்கினேன்.
வந்த நோக்கம்:
தண்ணீர் இறைக்க.